செவலைப் பசு இருக்கா?

சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. மூச்சு விட கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. பாதி எழுதி வெச்சிருந்த ஒரு விஷயத்தை இன்னைக்கு முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

குடும்பம் ஒரு இடம், பொழப்பு ஒரு இடம்னு இருக்கிறது கம்ப்யூட்டர் வேலை வந்தப்புறம் வந்த பழக்கம்னு டவுன்ல பலபேர் நினைக்கிறாங்க. எங்க பக்கம் அது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். மன்னார்குடிக்குத் தெக்கே இருக்கிற எங்க ஊர்ல மலேயா, சிலோன், பர்மான்னு ஏதாவது ஒரு சீமையோட சம்பந்தம் இல்லாத தெரு கிடையாது. இன்னைக்கும் ஒரு வீட்டை "ரங்கோன் வீடு"ன்னுதான் சொல்றோம். அந்த வீட்டுல ரங்கோன் பாத்தவங்க யாரும் இப்ப உயிரோட இல்லை.

இப்படிப் பிரிஞ்சு கிடந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசிக்கிட்டாங்க, என்ன பேசிக்கிட்டாங்க? எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா நடந்ததை வெச்சு அந்தக் கதையைச் சொல்றேன்.

முதல்ல தபால். நம்ம நாட்டுல போஸ்ட் கார்டு வந்தது 1879 ஜூலை 1-ஆம் தேதி. விலை காலணா. அதுக்கு அடுத்த வருஷம், 1880-ல, மணியார்டர் வந்தது. இந்த ரெண்டும்தான் ஏழைக் குடும்பத்தைப் பிரிஞ்சு வாழ வெச்சதும், பிரிஞ்ச பிறகு சேத்து வெச்சதும். பணம் ஊருக்கு வந்து சேரும்னு தெரிஞ்சாதானே ஆம்பளை தைரியமா வெளியூர் போவான்?

காலணா கார்டுல ஒரு தொல்லை உண்டு. மூடி ஒட்ட முடியாது. போஸ்ட்மேன் படிப்பார், டீக்கடையில படிப்பாங்க. அதனால கார்டுக்குன்னு ஒரு பாஷை உண்டாச்சு. நல்ல சேதின்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கும். சாவு, கருமாதிச் சேதின்னா ஓரத்துல கறுப்பு மை. அதை வாசல்லயே வெச்சுப் படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுருவாங்க, வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டாங்க. படிக்கத் தெரியாத பாட்டிகூட மூலையைப் பாத்தே சேதி தெரிஞ்சுக்கும். மூடி ஒட்டுற இன்லண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2-ஆம் தேதிதான் வந்தது.

இப்ப எங்க பெரிய தாத்தா கதைக்கு வர்றேன். எங்க தாத்தாவுக்கு அண்ணன். 1936-ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலேயா போனார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கூட்டிட்டுப் போனவர் ஒரு கங்காணி. தோட்டத்துல வேலை பாக்கிற ஆளே சொந்த ஊருக்கு வந்து, தெரிஞ்ச சனத்துல ஆள் சேத்து அழைச்சிட்டுப் போறதுதான் கங்காணி முறை. கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவுன்னு எதிர்ப்பு வந்து, 1938-ல இந்திய அரசாங்கம் இந்த ஆள் சேர்ப்பையே நிறுத்திருச்சு. பெரிய தாத்தா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டார்.

அவருக்கு எழுதத் தெரியாது. எங்க வீட்டுலயும் யாருக்கும் தெரியாது. அங்க தோட்டத்துக் கிராணி எழுதுவார். இங்க பள்ளிக்கூட வாத்தியார் படிச்சுச் சொல்லி, பதிலும் எழுதித் தருவார். புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சு ரெண்டு அந்நியர் வழியா போய் வரணும். அப்ப என்னதான் பேச முடியும்? "இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்"னு ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ மழை, மாடு, பயிர், கொல்லை. அவ்வளவுதான். ஆசையா ஒரு வார்த்தை இருக்காது.

எங்க வீட்டுத் தகரப் பெட்டியில மிச்சம் இருக்கிற பழைய கடுதாசிகள்ல, ஒண்ணு தவறாம மழை இருக்கு. அதுல ஒரு வேடிக்கை. இங்க மழைன்னா சோறு. அங்க மழைன்னா பட்டினி. ரப்பர் மரத்துல விடியக்காலம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பால் வெட்டணும், குளிர்ச்சியா இருக்கிறப்பதான் பால் நல்லா ஓடும். மரம் நனைஞ்சிருந்தா வெட்டு இல்லை. வெட்டு இல்லைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. மேட்டூர் அணை 1934-ல கட்டி முடிச்ச புதுசு அது. "மேட்டூர்த் தண்ணி வந்துவிட்டது, மழையும் உண்டு"ன்னு எங்க தாத்தா சந்தோஷமா எழுதியிருக்கார். "இங்கும் ஒரு வாரமாக மழை, வெட்டு இல்லை"ன்னு அங்கேருந்து பதில். ஒரே வார்த்தை, ரெண்டு கரையில ரெண்டு அர்த்தம். ரெண்டு பேருக்கும் அது புரிஞ்சிருக்கு.

போன இடத்தையும் எழுதியிருக்கார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனது, குகைக்குள்ள முருகன் கோயில் இருக்கிறது, காவடிக் கூட்டம், பினாங்குல மலை மேல ஏறுற ரயிலைப் பாத்தது. நம்ம ஊர்ல வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேல போகாத சனம், வாத்தியார் படிக்கப் படிக்கத் திண்ணையில உக்காந்து பினாங்கைப் பாத்திருக்கு.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் மலேயாவுல கோத்தபாருவுல இறங்கினான். 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துருச்சு. அதோட கப்பலும் நின்னுது, தபாலும் நின்னுது. 1945 ஆகஸ்ட்டுல ஜப்பான் சரணடையுற வரைக்கும் மூணரை வருஷம் எங்க ஊருக்கு மலேயாவுலேருந்து ஒரு கடுதாசி வரலை.

அந்த மூணரை வருஷத்துல அங்க என்ன நடந்ததுன்னு இங்க யாருக்கும் தெரியாது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போட்டது. வெள்ளைக்காரக் கைதிகள் அங்க செத்ததைச் சினிமாவே எடுத்துட்டாங்க. ஆனா அங்க பெருங்கூட்டமா செத்தது ஆசியக் கூலிகள். அதுல தோட்டத்துத் தமிழ்ச் சனம் பல்லாயிரம். காலரா, மலேரியா, காலுல புண், சோறு இல்லாம. மரண ரயில்னு பேரு. எங்க பெரிய தாத்தாவையும் அங்க கொண்டு போயிருக்காங்க. அதுவும் பின்னாடி தெரிஞ்சதுதான்.

இங்க ஊர்ல, போனவன் போயிட்டான்னு முடிவு கட்டிட்டாங்க. பர்மாவுலேருந்து நடந்தே திரும்பி வந்தவங்க சொன்ன கதைகளைக் கேட்டு, மலேயாவும் அப்படித்தான்னு நினைச்சுட்டாங்க. பெரிய அப்பாயிக்கு அப்ப இருபத்தாறு இருபத்தேழு வயசுதான் இருக்கும். பொட்டை அழிச்சிடுன்னு சொந்தக்காரங்களே சொல்லியிருக்காங்க. அது கேக்கலை. "செத்த கடுதாசி வரட்டும், அழிக்கிறேன்"னு சொல்லிடுச்சாம்.

1946-ல ஒரு கடுதாசி வந்தது. ஆனா எழுத்து வேற. பழைய கிராணி எழுத்து இல்லை. அவர் சண்டையில செத்துப்போயிருக்கார், புது ஆள் எழுதியிருக்கார். அது இங்க யாருக்குத் தெரியும்? "செத்தவன் பேர்ல வேற எவனோ எழுதுறான், காசு கேட்டு அடுத்த கடுதாசி வரும் பாரு"ன்னு பங்காளி ஒருத்தர் சொல்லிட்டார். வீட்டுல ஆளாளுக்கு ஒரு பேச்சு. வாத்தியார் மறுபடியும் முதல்லேருந்து படிச்சார். நலம், உடம்பு தேவலை, பணம் அனுப்ப இன்னும் நாளாகும். கடைசியில ஒரு வரி: "செவலைப் பசு இருக்கா, எத்தனை ஈத்து ஆச்சு?"

அந்த வரியைக் கேட்டதும் பெரிய அப்பாயி எழுந்து உள்ள போய் அழுதுச்சாம். சண்டைக்கு முன்னாடி கடைசியா இங்கேருந்து போன கடுதாசியில, செவலைக் கிடேரி ஒண்ணு வாங்கியிருக்கோம்னு அது எழுதச் சொல்லியிருந்தது. அது அந்த ரெண்டு பேருக்கும், எழுதின வாத்தியாருக்கும், படிச்ச கிராணிக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். வாத்தியார் இங்க இருக்கார். மூணரை வருஷம் கழிச்சு, அந்த நரகத்துலேருந்து மீண்டு வந்து, அந்தக் கிடேரி பசுவாயிருக்கும்னு கணக்குப் போட்டு ஈத்து கேக்கிறவன் வேற எவனா இருப்பான்?

எங்க அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் யோசிப்பேன். எழுதத் தெரியாத சனத்துக்குக் கையெழுத்துன்னு ஒண்ணு கிடையாது. கைநாட்டு பத்திரத்துக்குத்தான் ஆகும். கடுதாசியில ஆளை அடையாளம் காட்டுறது மாடும் மழையும்தான். நாம அல்ப விஷயம்னு தள்ளுறதுதான் அவங்களுக்குக் கையெழுத்தா இருந்திருக்கு.

பெரிய தாத்தா 1948-ல ரஜூலா கப்பல்ல வந்தார். 1926-ல கட்டின கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் ஓடினது. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிக்கும், படகுல போய் இறக்கணும். நாலு மாசம் இருந்துட்டுத் திரும்பிட்டார். அதுக்கப்புறம் அவர் அனுப்பின பணத்துலதான் வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கர் வாங்கினது. இன்னைக்கு நான் உழுவுறது அதையும் சேத்துத்தான். வாங்கினப்ப அவர் பாக்கலை. எங்க தாத்தா கடுதாசியிலயே காட்டியிருக்கார்: வடமேற்கு மூலையில ஒத்தப் பனை, மடைக்குப் பக்கத்துல கொஞ்சம் பள்ளம், தெக்கு வரப்பை ஒட்டி நாலு தென்னம்பிள்ளை.

1969-க்கு அப்புறம் மலேசியாவுல குடியுரிமை இல்லாதவங்க வேலை பாக்கத் தனி பெர்மிட் வேணும்னு வந்தது. தோட்டத்துல ஆயுசைக் கழிச்ச ஏராளமான தமிழ்ச் சனம் திரும்ப வேண்டியதாச்சு. பெரிய தாத்தாவும் 1970-ல வந்துட்டார். நான் அப்ப கைக்குழந்தை. வந்த மறுநாள் காலையில, யாரும் கூடப் போகாம, நேரா அந்த வயலுக்குப் போய் நின்னாராம். தேடிப் போன எங்க தாத்தாகிட்ட, "பள்ளத்தை இன்னும் மேடாக்கலையாடா?"ன்னு கேட்டிருக்கார். கால் வெக்காத வயலு, இருபது வருஷமா அவருக்கு அத்துப்படி.

சிலோன் பக்கக் கதை வேற மாதிரி. எங்க அப்பாயி பொறந்தது புதுக்கோட்டைச் சீமை, வானம் பாத்த பூமி. அதோட தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த இடத்துல எல்லாரும் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. 1914-ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் அந்தப் பயணம் சுலபமாச்சு. மண்டபம் முகாம்ல தங்க வெச்சு, உடம்பைச் சோதிச்சு, தனுஷ்கோடியிலேருந்து கப்பல்ல தலைமன்னார். கிட்டத்துல இருக்கிற நாடு. பொங்கலுக்குக்கூட வந்து போவாங்களாம்.

1964 அந்தக் குடும்பத்தை ரெண்டு தடவை அடிச்சது. அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. மலையகத் தமிழர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்க குடியுரிமைன்னு கணக்கு. மிச்சப் பேரைப் பின்னாடி பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சாங்க. டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியையே கடல் கொண்டு போயிருச்சு. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துலேருந்து போச்சு. எழுபதுகள்ல சின்ன அப்பாயியும் ரெண்டு மகனுங்களும் இந்தியா வந்து நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல சேந்தாங்க. மூத்த மக புருஷன் வீட்டுக் கணக்குல அங்கேயே தங்கிடுச்சு. இதுவரைக்கும் சிலோன்லேருந்து புதுக்கோட்டைக்குப் போன கடுதாசி, இப்ப நீலகிரியிலேருந்து சிலோனுக்குத் திரும்பிப் போச்சு. எண்பதுகள்ல கலவரம் வந்து ராமேஸ்வரம் கப்பலும் நின்னுது. கடுதாசி மெல்லக் குறைஞ்சு ஒரு நாள் நின்னே போச்சு. அந்த அத்தையோட பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு இன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. மலேயாக் கிளை சண்டையிலயும் அறுந்து போகலை. கிட்டத்துல இருந்த கிளைதான் போச்சு.

தந்தி பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. வார்த்தைக்கு இவ்வளவு காசுன்னு கணக்கு. மழையையும் மாட்டையும் அதுல எழுத முடியுமா? பொறப்பு, சாவு, "உடனே புறப்படு". தந்திக்காரர் சைக்கிள் தெருவுல திரும்பினாலே பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க. 2013 ஜூலையோட அது முடிஞ்சு போச்சு. எங்க ஊர்ல யாரும் வருத்தப்பட்டதா தெரியலை.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது கேசட். எங்க அக்கா வீட்டுக்காரர் 1983-ல சவுதி போனார். ஊருக்கு வர்றவங்க கையில ஒரு டேப்ரிக்கார்டர் கொடுத்து அனுப்பினார், கூடவே அவர் குரல் பதிஞ்ச கேசட். கேட்டுட்டு, அதே மாதிரி பேசிப் பதிஞ்சு, அடுத்து போறவங்க கையில கொடுத்து அனுப்பணும். எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியாரும் வேண்டாம், கிராணியும் வேண்டாம், நேரா தானே பேசலாம்னு அன்னைக்குத்தான் எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு வாய்ச்சது. முதல் தடவை மைக்கைப் பாத்து அம்மாவுக்குப் பேச்சே வரலை. பக்கத்துல கன்னு கத்தினது, தகரக் கொட்டாய் மேல மழை விழுந்தது, எங்கேயோ பம்புசெட் ஓடினது, இதெல்லாம்தான் பதிஞ்சிருந்தது. அத்தான் திரும்பி வந்தப்ப சொன்னார், அந்தப் பக்கத்தைத்தான் கேம்ப்ல எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டாங்களாம். அங்க மழைச் சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆச்சாம். அக்கா மட்டும் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டுப் பேசும். பெரிய அப்பாயிக்குக் கிடைக்காதது அக்காவுக்குக் கிடைச்சது.

தொண்ணூறுகள்ல எஸ்.டி.டி. பூத். ராத்திரி நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும்னு சாப்பிட்டுட்டுப் போய் வரிசையில நிப்போம். உள்ள சிவப்பு எழுத்துல மீட்டர் ஓடும். பேசுறவங்க கண்ணு அதுலதான் இருக்கும். "நல்லாருக்கியா, பணம் வந்துச்சு, உடம்பைப் பாத்துக்க, வெக்கிறேன்." குரல் கேட்டோம்ங்கிற திருப்தி உண்டு. ஆனா கடுதாசியில இருந்த மழை அதுல இல்லை. பேச்சுக்கு விலை ஏறினா முதல்ல வெளிய போறது இந்தச் சின்னச் சேதிதான்னு அந்த பூத்துல நின்னுதான் எனக்குப் புரிஞ்சது. செல்போன் வந்த புதுசுல, வர்ற காலுக்கும் காசு பிடிச்சாங்க. 2003-லதான் அது நின்னுது.

இப்ப என் மகன் சிங்கப்பூர்ல வேலை பாக்கிறான். போன வருஷம் லீவுக்குப் பஸ் பிடிச்சுப் பத்துமலை போயிருந்தான். அங்கேருந்தே வீடியோ கால் போட்டு, 140 அடி முருகன் சிலையைப் பாட்டிக்குக் காட்டினான். எங்க அம்மாவுக்கு எண்பது வயசுக்கு மேல. "உங்க பெரிய தாத்தா எழுதினப்ப இந்தச் சிலை சொல்லலையே"ன்னு கேட்டுச்சு. சிலை 2006-ல வெச்சது ஆத்தான்னு சொன்னேன். பினாங்கைத் திண்ணையில உக்காந்து காதால பாத்த வீட்டுல, இப்ப கண்ணாலயே பாக்கிறோம், அதுவும் காசில்லாம.

போன தை மாசம் ஒண்ணு நடந்தது. தெரியாத நம்பர்லேருந்து வாட்ஸப்புல ஒரு சேதி. மகன் போட்டோவே போட்டிருந்தது. போன் தொலைஞ்சு போச்சு, இது புது நம்பர், அவசரமா நாப்பதாயிரம் வேணும், அப்புறம் விவரம் சொல்றேன்னு. நான் பதறிப்போய் பேங்க் புத்தகத்தைத் தேட ஆரம்பிச்சுட்டேன். என் வீட்டுக்காரி போனை வாங்கி, "நம்ம வீட்டுக் கிடேரிக்கு என்ன பேரு வெச்சோம்?"னு ஒரு கேள்வி அனுப்பினா. பதில் இல்லை. அந்த நம்பரும் கொஞ்ச நேரத்துல காணாமப் போச்சு. அந்தக் கிடேரி பொறந்த அன்னைக்கு என் மகன் அரை மணி நேரம் வீடியோவுல பாத்து, அவனே பேரு வெச்சான். அன்னைக்கு நான், "வேலையைப் பாருடா, மாட்டை என்ன அவ்வளவு நேரம் பாக்குறே"ன்னுதான் கேலி பண்ணிக்கிட்டிருந்தேன்.

படிச்ச சனம் ஓ.டி.பி., பாஸ்வேர்டுன்னு என்னென்னவோ சொல்றீங்க. எங்க வீட்டுல 1946-லயும் சரி, இப்பவும் சரி, மாடுதான் காப்பாத்தியிருக்கு.

உங்க வீட்டுலயும் யாராவது தூரத்துல இருப்பாங்க. ஊர்ல அப்பா அம்மாவோ, வெளிநாட்டுல பிள்ளையோ. அடுத்து பேசும்போது பணம், உடம்பு, வேலையெல்லாம் கேட்டு முடிச்சப்புறம் உடனே வெச்சுடாதீங்க. மத்தியானம் என்ன கொழம்புன்னு கேளுங்க. வாசல் முருங்கை பூத்திருக்கான்னு கேளுங்க.

கிழக்க கறுத்துக்கிட்டு வருது. அந்த வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்துல தண்ணி நின்னா பயிர் அழுகிடும், வடிகால் வெட்டி விடணும். பெரிய தாத்தா சொல்லி அம்பது வருஷம் தாண்டிருச்சு, இன்னும் அது முழுசா மேடாகலை. வரட்டுமா.